கடைசி கான்ட்ராக்டுக்கு முன்பே: இந்தியக் கால்பந்து வீரர் அடுத்த தொழிலுக்குத் தயாராவது எப்படி

கிளப்பில் சம்பளம் வாங்கி ஆடும் வீரருக்கு உடம்பு ஒத்துழைத்தால் 33, 34 வயது வரை ஆட்டம் இருக்கும். முழங்காலின் ஏசிஎல் தசைநார் இரண்டு முறை கிழிந்தவருக்கு 27-லேயே முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு 30 வருடம் சம்பாதித்தாக வேண்டும். "ஆடி முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று கேம்ப்பில் சொல்லிக்கொள்வது வழக்கம். இந்தியாவில் அந்தக் கணக்கு தப்பாகப் போவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ஆட்டம் முடிந்தபின் தட்ட வேண்டிய கதவுகளில் பாதி, நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே சாத்திவிடுகின்றன. ரயில்வே கதவு 25 வயதில் மூடும். சான்றிதழுக்குக் காலக்கெடு இருக்கிறது. மருத்துவக் காப்பீடு, காயம் பட்ட மறுநாளே கடினமாகிவிடும்.

2025 ஜூலையில் நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் நிறுத்திவைக்கப்பட்டதை யாரும் மறந்திருக்க முடியாது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் (ஏஐஎஃப்எஃப்) போட்டியை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே இருந்த 15 வருட ஒப்பந்தம் டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடியவிருந்தது, புதுப்பிக்கவில்லை. சில கிளப்புகள் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. நல்ல ஃபார்மில் இருந்த 24 வயது வீரரும் கடைசி சீசனில் இருந்த 34 வயது வீரரும் ஒரே நாளில் வீட்டில் உட்கார்ந்தார்கள். ஆகவே கீழே வருவதை ஓய்வுபெறப் போகிறவர்களுக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கான்ட்ராக்ட் போடும் வயதிலிருந்தே இது தொடங்குகிறது.

25 வயதுக்குள்: வேலையும் சான்றிதழும்

சென்னை லீக் பல ஆண்டுகளாக டிபார்ட்மென்ட் டீம்களால் ஓடியது. வங்கி, ரயில்வே, ஐசிஎஃப், வருமான வரி, கணக்காயர் அலுவலகம் என்று வேலையோடு ஆட்டம். ஐஎஸ்எல் பணம் வந்தபின் அந்த வழி பழசாகிவிட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். சம்பளத்தை மட்டும் பார்த்தால் சரிதான். 58 அல்லது 60 வயது வரை வரும் மாதச் சம்பளம், குடும்பத்துக்கு மருத்துவ வசதி, பதவி உயர்வு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஐஎஸ்எல்லுக்குக் கீழுள்ள லீக்கில் ஆடும் நடுத்தர வருமான வீரருக்கு இன்றும் இதைவிட உறுதியான ஏற்பாடு கிடையாது. இந்திய அணியின் நட்சத்திரமாக இருந்த ஐ.எம்.விஜயன் கேரளக் காவல்துறை அணியில் ஆடி வளர்ந்தவர். 2025-ல்தான் காவல்துறைப் பணியிலிருந்து ஓய்வுபெற்றார்.

ரயில்வே விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது 18 முதல் 25 வரை. எந்தப் பிரிவினருக்கும் வயதுத் தளர்வு கிடையாது. மதிப்பெண் 100. களச் சோதனைக்கு 40, விளையாட்டுச் சாதனைக்கு 50, படிப்புக்கு 10. களச் சோதனையில் 40-க்கு 25 எடுக்காதவர் அங்கேயே கழிந்துவிடுவார். சாதனையைப் பொறுத்தவரை நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள் ஆகியவற்றில் ஆடியதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 19 வயதில் வாங்கிய தேசியப் பதக்கத்தை 24 வயதில் கொண்டுபோய்க் காட்டினால் பயன் இல்லை. அறிவிப்பு ரயில்வே ஆட்சேர்ப்புப் பிரிவின் தளத்தில் மண்டலவாரியாக வரும். எந்த மண்டலம் எந்த பொசிஷனுக்கு ஆள் கேட்கிறது என்பதையும் அதிலேயே எழுதியிருப்பார்கள். கோல்கீப்பர் கேட்ட இடத்துக்கு ஸ்ட்ரைக்கர் விண்ணப்பித்து ஒரு வருடத்தை வீணாக்குவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது.

மற்ற மத்திய அரசு குரூப் சி வேலைகளில் விளையாட்டு வீரருக்கு 5 வருடம் வரை வயதுத் தளர்வு உண்டு, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கு 10 வருடம். தமிழ்நாடு அரசுப் பணிகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. எந்தப் போட்டியில் எந்த இடம் என்ற பட்டியல் அரசாணையில் இருக்கும், அதை வரிக்கு வரி படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

இளம் வீரர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று இங்கே உண்டு. மத்திய அரசின் விதி பார்ப்பது நாட்டின் சார்பிலோ மாநிலத்தின் சார்பிலோ பல்கலைக்கழகத்தின் சார்பிலோ மாநிலப் பள்ளி அணியின் சார்பிலோ ஆடியதைத்தான். கிளப் சட்டையில் ஆடிய ஐஎஸ்எல் ஆட்டங்களுக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியின் கேம்ப்புக்கு அழைப்பு வந்தால் "அதுல என்ன காசு" என்று தட்டிக்கழிப்பவர், தன் வேலைக்கான தகுதியையே தட்டிக்கழிக்கிறார். இருபது வயதுகளில் ஒருமுறையாவது மாநில அணியில் ஆடி, சான்றிதழைக் கையோடு வாங்கிவிடுங்கள்.

சான்றிதழ் வாங்குவதிலும் முறை உண்டு. டிராபியோடு கொடுக்கும் பளபளப்பான அட்டை செல்லாது. அரசு நிர்ணயித்த படிவத்தில் இருக்க வேண்டும். நாட்டின் சார்பில் ஆடியதற்குப் படிவம் 1, தேசியக் கூட்டமைப்பின் செயலர் கையெழுத்து. மாநிலத்துக்கு ஆடியதற்குப் படிவம் 2, தேசியக் கூட்டமைப்பு அல்லது மாநிலச் சங்கச் செயலர் கையெழுத்து. பல்கலைக்கழகத்துக்குப் படிவம் 3, பள்ளிக்குப் படிவம் 4. போட்டி முடிந்த அதே மாதத்தில் வாங்குங்கள். நிர்வாகிகள் மாறியபின், சங்கத்தில் வழக்கு வந்தபின், பழைய போட்டிக்குக் கையெழுத்து போட ஆள் இருக்கமாட்டார்கள். அசல் ஒரு கோப்பில், ஸ்கேன் மின்னஞ்சலில், நகல் வீட்டில். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கூட்டமைப்பின் பதிவு மூன்றிலும் பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று 18 வயதிலேயே பார்த்துவிடுங்கள். வயதுக் குறைப்பு விளையாட்டில் பெரிய நோய். சின்ன வயதில் யாரோ மாற்றி எழுதிய தேதி, வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பில் வந்து நிற்கும்.

வேலை கிடைத்தபின் கிளப் கான்ட்ராக்ட் போட வேண்டுமென்றால் அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி கட்டாயம். எத்தனை நாள் சிறப்பு விடுப்பு, எத்தனை நாள் சம்பளமில்லாத விடுப்பு என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். மேலதிகாரி வாய்வார்த்தையாகச் சொன்ன "போய்ட்டு வா" அவர் மாற்றலாகிப் போகும்வரைதான் செல்லும். கேரளத்தின் சி.கே.வினீத் இந்திய அணியில் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2017-ல், வருகைப்பதிவு போதவில்லை என்று கணக்காயர் அலுவலக வேலையை இழந்தார். பிறகு மாநில அரசு வேறு வேலை கொடுத்தது. அவ்வளவு புகழ் இல்லாதவருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு வராது.

படிப்பு

பத்தாவதோடு அகாடமிக்குப் போனவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பட்டமும் முடிக்கலாம். தேர்வுத் தேதியைச் சீசனோடு ஒப்பிட்டுப் பார்த்து, வருடத்துக்கு நான்கு தாள் என்று வைத்தால் சுமை தெரியாது. பட்டம் இருந்தால்தான் இரண்டு வருட பி.பி.எட். படிக்க முடியும். பி.பி.எட். இருந்தால் பள்ளியில் பி.டி. மாஸ்டர் வேலைக்குக் கேட்கலாம். மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லூரிகளும் இதற்கான இடங்கள். தனியார் பள்ளிகள் இப்போது பி.பி.எட். கூடவே கோச்சிங் லைசன்ஸும் கேட்கின்றன, இரண்டும் இருப்பவருக்குச் சம்பளத்தைப் பேசி வாங்க இடமிருக்கிறது.

மத்திய விளையாட்டு அமைச்சகம் 2024 ஆகஸ்ட் 29-ல் ஓய்வுபெற்ற வீரர்களுக்கான 'ரீசெட்' பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. வயது 20 முதல் 50 வரை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு நிலை, அதற்குக் கீழே படித்தவர்களுக்கு இன்னொரு நிலை. பாடம் இணையத்தில், அதன்பின் களப்பயிற்சி. குவாலியரின் லட்சுமிபாய் தேசிய உடற்கல்வி நிறுவனம் நடத்துகிறது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு இது நல்ல மறு தொடக்கம்.

பணம்: 12-ஆல் வகுக்காதீர்கள், 18-ஆல் வகுங்கள்

கிளப் பெரும்பாலும் உங்களை ஊழியராக நடத்துவதில்லை. தொழில்முறைக் கட்டணம் என்ற தலைப்பில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். பி.எஃப். கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது. 10 சதவீதம் பிடித்துவிட்டதால் வரி முடிந்தது என்று நினைப்பது முதல் தவறு. வருமானம் கூடினால் மேற்கொண்டு கட்ட வேண்டிய வரியை முன்கூட்டியே நான்கு தவணையாகச் செலுத்த வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் வட்டி சேரும். டாக்டர், வக்கீல் போன்றவர்களுக்கான 'பாதி வருமானத்துக்கு மட்டும் வரி' என்ற சலுகைமுறையில் உங்கள் கணக்கைத் தாக்கல்செய்ய ஆடிட்டர் யோசனை சொன்னால், விளையாட்டு வீரர் அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். சில வருடம் கழித்து வரும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

இப்போது செலவு. வரியும் ஏஜென்ட் கமிஷனும் போக ஒரு சீசனுக்கு 18 லட்சம் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒன்றரை லட்சம் என்று பிரித்தால் அடுத்த கான்ட்ராக்ட் தாமதமாகும் முதல் மாதமே கடன். 18-ஆல் வகுத்து மாதம் ஒரு லட்சத்துக்குள் வாழ்க்கையை அமைத்தால் வருட முடிவில் 6 லட்சம் மிஞ்சும். முதல் வருடத்தில் மிஞ்சியது அவசரக் கையிருப்பு. அதைச் சேமிப்புக் கணக்கோடு இணைந்த வைப்பில் வையுங்கள், வேறெதிலும் போட வேண்டாம். காயம், கிளப் மூடல், லீக் நிறுத்தம் எது வந்தாலும் ஆறு மாதம் தாங்கும். இரண்டாம் வருடத்திலிருந்து மிஞ்சுவதுதான் முதலீட்டுப் பணம்.

வீரருக்கு மிகப் பொருத்தமான சேமிப்பு எது என்று கேட்டால் பொது வருங்கால வைப்பு நிதி (பிபிஎஃப்) என்றே சொல்ல வேண்டும். 15 வருடப் பூட்டு மற்றவர்களுக்குக் குறை, நமக்கு நிறை. 19, 20 வயதில் தொடங்கினால் கணக்கு முதிரும் வயது 35. ஆட்டம் முடியும் வயதும் அதுதான். வருடத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 7.1 சதவீத வட்டி அப்படியே நீடித்தால் 22.5 லட்சம் போட்டவருக்கு ஏறக்குறைய 40.68 லட்சம், வரியின்றி. ஏப்ரல் 5-க்குள் போட்டால் முழு வருட வட்டியும் சேரும். தேசிய ஓய்வூதியத் திட்டம் நல்லதுதான், ஆனால் அது முதுமைக்காக வகுக்கப்பட்டது. 34-க்கும் 60-க்கும் இடையில் இருக்கும் பள்ளத்தை அது நிரப்பாது.

எங்கே பணம் போகிறது? ஊரில் முதல் கான்ட்ராக்டிலேயே பெரிய வீடு, அதற்கு 20 வருட வீட்டுக் கடன். எட்டு வருடம் ஓடும் தொழிலை நம்பி 20 வருடத் தவணை எடுக்கலாமா என்று ஒருமுறை காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வீடு கட்டுவதானால் தவணைக்காலம் உங்கள் 33-ஆவது வயதைத் தாண்டக் கூடாது. உறவினர் பெயரில் நிலம் வாங்குவது, பத்திரத்தைப் பார்க்காமலே நண்பரின் வியாபாரத்தில் பங்கு, யாருக்காவது ஜாமீன் கையெழுத்து ஆகிய மூன்றும் வீட்டில் பிரச்சினை வந்தாலும் மறுக்க வேண்டியவை.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிளப்பின் காப்பீடு கான்ட்ராக்ட் முடியும் நாளோடு முடிகிறது. அதன்பின் தனியாக எடுக்கப் போனால் பழைய முழங்கால் 'ஏற்கெனவே இருந்த பிரச்சினை' என்ற கணக்கில் போகும். அதற்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம் என்பது இப்போதைய விதி. 23, 24 வயதில், முதல் அறுவைச் சிகிச்சைக்கு முன்பே, சொந்தப் பெயரில் பாலிசி எடுத்தவருக்கு ஓய்வுபெறும்போது அந்தக் காத்திருப்பு எப்போதோ முடிந்திருக்கும். பழைய காயத்தை மறைத்து விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். ஸ்கேன் ரிப்போர்ட் ஆஸ்பத்திரியில் இருக்கும், கிளெய்ம் தள்ளுபடியாகும்.

அரசு ஓய்வூதியத்தை நம்பித் திட்டமிடவும் வேண்டாம். மத்திய அரசின் சிறந்த வீரர் ஓய்வூதியம் ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவற்றில் பதக்கம் பெற்றவர்களுக்கு. இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஆசிய விளையாட்டில் கடைசியாகப் பதக்கம் வாங்கியது 1970-ல். தமிழ்நாட்டில் நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது, ஆனால் 58 வயது நிரம்ப வேண்டும், வருமான வரம்பும் உண்டு.

கோச்சிங் லைசன்ஸ்: ஆடும்போதே பாதி ஏணி ஏறிவிடுங்கள்

படிகள் இவை: ஏஐஎஃப்எஃப்பின் இ சான்றிதழ், டி லைசன்ஸ், பிறகு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பான ஏஎஃப்சியின் சி, பி, ஏ, கடைசியாக ப்ரோ. டி லைசன்ஸ் சுமார் ஒரு வாரம். சி-யிலிருந்து வகுப்பு பகுதி பகுதியாக நடக்கும், இடையில் உங்கள் அணியோடு பயிற்சி நடத்தி வீட்டுப்பாடம் அனுப்ப வேண்டும். ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது ஒரு வருடமாவது களத்தில் வேலைசெய்த அனுபவம் தேவைப்படும். ஆக, டி-யிலிருந்து ஏ வரை ஏற ஐந்தாறு வருடம். 34-ல் தொடங்கினால் 40. 27-ல் ஆஃப் சீசனில் டி, 29-ல் சி, 31-ல் பி என்று போனவர் கடைசி விசில் ஊதும்போதே வேலைக்குத் தகுதியானவர். படிப்பு முடிந்தாலும் லைசன்ஸை அவ்வப்போது தொடர்பயிற்சியோடு புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் காலாவதியாகும்.

நல்ல வீரர்கள் பி லைசன்ஸ் சோதனையில் திணறுவது ஏன்? செய்து காட்டத் தெரியும், ஏன் என்று சொல்லத் தெரியாது. 18 வருடமாகக் கால் தானாகச் செய்ததை, 14 வயதுப் பையனுக்கு மூன்று வாக்கியத்தில் விளக்கச் சொன்னால் திக்கும். இதற்கு மருந்து எழுதுவதுதான். இன்றைய பயிற்சியை இன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதுங்கள். நோக்கம் என்ன, மைதானத்தின் அளவு என்ன, எத்தனை பேர், கோச் எங்கே நிறுத்தினார், என்ன கேட்டார். ஒரு சீசன் எழுதினால் 150-க்கு மேல் பயிற்சித் திட்டம் கையில் இருக்கும். எந்தப் புத்தகமும் அதற்கு ஈடாகாது.

சோதனைக்கான 90 நிமிடப் பயிற்சி ஒன்றை இப்படிக் கட்டலாம். வார்ம்-அப் 15 நிமிடம், அதிலேயே பந்து இருக்கட்டும். 10-க்கு 10 மீட்டர் சதுரத்தில் 4-க்கு 2 ரோண்டோ (நால்வர் பந்தைக் கடத்த, இருவர் பறிக்க முயல்வது) போன்ற உத்திப் பயிற்சி 20 நிமிடம். சிறு ஆட்டம் 25 நிமிடம், 4-க்கு 4 என்றால் 30-க்கு 20 மீட்டர் இடம். பெரிய ஆட்டம் 20 நிமிடம். கூல்-டவுன் 10. எல்லாம் ஒரே நோக்கத்தைச் சுற்றியே இருக்க வேண்டும். 'பின்களத்திலிருந்து பந்தை வெளியே கொண்டுவருதல்' என்று எழுதிவிட்டு நடுவில் ஷூட்டிங் பயிற்சி வைத்தால் அங்கேயே மதிப்பெண் போகும். ஆட்டத்தை நிறுத்தினால் 30 விநாடிக்குள் பேசி முடியுங்கள். ஒரு பயிற்சிக்கு மூன்று திருத்தங்கள் போதும். இடம் பெரிதாகிவிட்டால் வீரர்கள் ஓடிக் களைப்பார்கள், பாடம் நடக்காது. சிறிதாகிவிட்டால் பந்து கால்களில் முட்டிக்கொண்டே இருக்கும். முதல் இரண்டு நிமிடத்தில் பார்த்து கோனை நகர்த்துவது தவறில்லை. அப்படி நகர்த்துபவரைத்தான் பயிற்றுநர்கள் கவனிக்கிறார்கள்.

வேலை எங்கே இருக்கிறது என்பதையும் நேராகச் சொல்ல வேண்டும். ஐஎஸ்எல் தலைமை கோச் நாற்காலிகள் குறைவு, அவற்றில் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். அங்கே நிரந்தரத் தலைமை கோச்சாக ஓர் இந்தியர், காலித் ஜமீல், அமர்த்தப்பட்டதே 2021-ல்தான். அவர் ஆட்டத்தை முடித்ததும் மும்பை எஃப்சியில் கோச்சாகத் தொடங்கி, 2016-17-ல் ஐசால் அணிக்கு ஐ-லீக் பட்டம் வாங்கிக்கொடுத்து, 2025-ல் இந்திய அணியின் கோச் ஆனார். சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கியில் ஆடி, அங்கேயே கோச்சாகி, பிறகு சென்னையின் எஃப்சியில் துணை கோச் ஆனார். இருவருமே சின்ன இடத்தில் தொடங்கி வளர்ந்தவர்கள். நிறைய இடங்கள் இருப்பது இளையோர் அணிகளில். கிளப் லைசன்ஸ் விதிப்படி கிளப்புகள் இளையோர் அணிகளை நடத்தியாக வேண்டும். வயதுவாரியான இளையோர் லீக்குகளுக்கும் வளர்ச்சி லீக்குக்கும் கோச் வேண்டும். முன்னாள் இந்திய வீரர் என்ற பெயரோடு 13 வயதுப் பிள்ளைகள் அணியை ஏற்பதில் குறைவே இல்லை. கோச்சிங்கை உண்மையில் கற்றுக்கொள்ளும் இடம் அதுதான்.

அகாடமி தொடங்குவதானால் மழைக்காலக் கணக்கைப் போடுங்கள்

சென்னையில் ஓர் உதாரணக் கணக்கு. 60 பிள்ளைகள், இரண்டு பேட்ச், வாரம் மூன்று நாள், மாதக் கட்டணம் 1,800. வரவு 1,08,000. டர்ஃப் (செயற்கைப் புல் மைதானம்) வாடகை காலை 6 முதல் 8 மணி, மணிக்கு 1,000 வீதம் 13 நாளுக்கு 26,000. துணை கோச் இருவருக்கு 30,000. பந்து, பிப், கோன் தேய்மானம் 5,000. முதலுதவி, காப்பீடு 4,000. போக்குவரத்து, விளம்பரம் 6,000. செலவு 71,000, மிச்சம் 37,000. பார்க்க நன்றாக இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மார்ச்சில் தேர்வு. 60 பேர் 40 ஆவார்கள். வரவு 72,000. அந்த மாதம் உங்கள் கையில் நிற்பது ஆயிரம் ரூபாய். முதல் வருடத்தில் அகாடமிகள் மூடப்படுவது பெரும்பாலும் டிசம்பரில்தான், காரணம் இந்தக் கணக்கு. கட்டணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்குவதும், மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவதும் இதைத் தாங்கும். மாலை விளக்கொளி நேரத்துக்கு டர்ஃப் வாடகை கூடுதல், கார்ப்பரேட் ஆட்டக்காரர்களோடு போட்டியும் இருக்கும். காலை நேரத்தையே நம்புங்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு பந்து. 8 வயது வரை 3-ஆம் எண், 12 வரை 4-ஆம் எண், அதற்கு மேல் 5. ஒரு கோச்சுக்கு 15 பேருக்கு மேல் கூடாது. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர். சேர்க்கைப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை பற்றிய கேள்வியும் இரண்டு அவசர எண்களும் இருக்கட்டும். எந்தப் பெரியவரும் பிள்ளையோடு தனி அறையில் இருக்கக் கூடாது, உடை மாற்றும் இடத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள். போக்சோ சட்டம் தெரியாத ஒருவரைத் துணை கோச்சாக வைக்காதீர்கள்.

அகாடமியைக் கூட்டமைப்பின் பதிவு முறையில் சேர்த்து, பிள்ளைகளையும் முறையாகப் பதிவுசெய்யுங்கள். உங்களிடம் வளர்ந்த வீரர் பின்னாளில் சர்வதேச டிரான்ஸ்ஃபரில் கட்டணத்துக்குப் போனால், ஃபிஃபா விதிப்படி அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 15 வயது வரையிலான சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 0.5 சதவீதம். பதிவு இல்லையேல் உரிமையும் இல்லை. ஆனால் இதை வருமானமாக எண்ணித் தொழிலைக் கட்ட முடியாது.

வேறு வழிகள், சுருக்கமாக

ரெஃப்ரி ஆகும் முன்னாள் வீரர்கள் நம்மிடம் மிகக் குறைவு, ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடமிருக்கிறது. 30-க்குள் தொடங்குவது நல்லது, ஏனென்றால் மாவட்டத்திலிருந்து மேலே வர வருடங்கள் பிடிக்கும். சர்வதேசத் தரத்துக்கான உடல் சோதனையில் 40 மீட்டரை 6 விநாடிக்குள் ஆறு முறை ஓடி, பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி 25 மீட்டரை 18 விநாடியில் நடப்பதை 40 முறை செய்ய வேண்டும். நடுக்கள வீரருக்கு இது புதிதல்ல.

ஏஜென்ட் ஆக ஃபிஃபா தேர்வு: 20 கேள்வி, 60 நிமிடம், தேர்ச்சி 75 சதவீதம். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்பதால் எளிது என்று போய்த் தோற்பவர்கள் பலர். விதிகளில் எது எங்கே இருக்கிறது என்பது மனதில் இல்லாவிட்டால் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். கிளப்பில் வேலைசெய்துகொண்டே ஏஜென்டாக இருக்க முடியாது.

தமிழ் வர்ணனைக்கு முயல்பவர் ஓர் ஆட்டத்தை ஒலியில்லாமல் ஓடவிட்டு 90 நிமிடமும் பேசிப் பதிவுசெய்யட்டும். 60-ஆவது நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துவிடுகிறதா என்று அப்போது தெரியும்.

அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு மேட்ச் ஃபீஸ் வாங்கி ஓடுவது தொழில் ஆகாது. காப்பீடில்லாத மைதானத்தில், 35 வயது முழங்காலோடு, 18 வயதுப் பையனின் டாக்கிளை வாங்குவதற்கு அந்தப் பணம் ஈடாகாது.

கடைசி சீசனில்

பாக்கிச் சம்பளத்தை வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். ஃபிஃபா விதிப்படி இரண்டு மாதச் சம்பளம் நின்றால், 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு கான்ட்ராக்டை முறிக்கலாம். இந்தியக் கிளப்புக்கும் இந்திய வீரருக்குமான தகராறு கூட்டமைப்பின் வீரர் நிலைக் குழுவுக்குப் போகும். ஃபிஃபா மன்றம் இரண்டு வருடத்துக்கு மேல் பழைய வழக்கை எடுக்காது, உள்நாட்டிலும் அதற்கு முன்பே போய்விடுங்கள். "பாக்கி எதுவும் இல்லை" என்ற தாளில் கையெழுத்து போட்டால்தான் விடுவிப்புக் கடிதம் என்று சொன்னால், பணம் வங்கிக்கு வந்தபின் போடுகிறேன் என்று சொல்லுங்கள். போட்டுவிட்டால் வழக்கே இல்லை.

கிளப்பை விட்டு வெளியேறும் வாரத்தில் எம்ஆர்ஐ படங்கள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள், போட்ட ஊசிகளின் விவரம், ரத்தப் பரிசோதனைகள், ஜிபிஎஸ் தரவு, ஆட்ட வீடியோ எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். பிசியோ மாறினால் அவை தொலைந்துபோகும்.

உடம்பு, மனசு

ஓட்டத்தை ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று வாரம் ஓய்வுக்குப் பிறகு, வாரம் ஆறு பயிற்சியாக இருந்ததை மூன்று மாதத்தில் படிப்படியாக மூன்றாகக் குறையுங்கள். இரண்டு நாள் எடைப் பயிற்சி, குறிப்பாக முன்தொடைக்கும் பின்தொடைக்கும். மற்ற நாள் சைக்கிள் அல்லது நீச்சல். சீசனில் 3,000 கலோரிக்கு மேல் சாப்பிட்ட பழக்கம் அப்படியே நிற்கும், எரிக்க ஆட்டம் இருக்காது. முதலில் குறைக்க வேண்டியது சோறும் இனிப்புப் பானமும், புரதத்தைக் குறைக்காதீர்கள். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது. ஏற்கெனவே குருத்தெலும்பு தேய்ந்த வீரருக்கு இதைவிடப் பெரிய மருந்து கிடையாது. வருடக்கணக்கில் வலிநிவாரணி மாத்திரையோடு ஆடியவர்கள் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். ஈசிஜி, எக்கோ, ரத்த அழுத்தம் ஆகியவற்றையும் ஓய்வுபெற்ற வருடமே எடுத்து வைத்துக்கொண்டால் 45 வயதில் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மனசைப் பற்றிப் பேச நம் டிரெஸ்ஸிங் ரூமில் இடமில்லாமல் போய்விட்டது. சர்வதேச வீரர் சங்கமான ஃபிஃப்ப்ரோ 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வுபெற்ற வீரர்களில் 35 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அல்லது பதற்றத்தின் அறிகுறிகள் இருந்தன. நீண்ட காயம் பட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். முதல் மூன்று மாதம் விடுமுறை போல இருக்கும். நான்காவது மாதம், பழைய அணி ப்ரீ-சீசன் தொடங்கும்போது, கனமாக வரும். அதனால் அந்த மாதத்துக்கு முன்பே ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும்: காலை ஆறு மணிக்கு எங்காவது போயாக வேண்டிய ஒரு வேலை, அது சம்பளமில்லாத துணை கோச் வேலையானாலும் சரி. தூக்கமின்மை இரண்டு வாரம் தொடர்ந்தால், குடி நாள் தவறாமல் ஆனால், உயிரை விடும் எண்ணம் ஒருமுறை வந்தாலும், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். கூட ஆடியவர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அணியை விட்டுப் போனவரை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்காதீர்கள், வாரம் ஒருமுறை யாராவது ஒருவர் அவருக்கு போன் போடுங்கள்.